சித்திரை நட்சத்திரமும் சத்தமில்லாத ஃபேனும்

ஜனவரி 17, வெள்ளி

இன்றைக்கும் அலறிவிட்டது.

பட்டுக்கோட்டையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, சித்தப்பா, தாய்மாமன், போதாததற்கு வேன் டிரைவர். பெண் பக்கத்தில் கலியமூர்த்தி ஐயா மட்டும். பெண் விவரம் போட்டேன், சித்திரை நட்சத்திரம். பையன் விவரம் போட்டேன். 'பொருத்தம் பார்' பொத்தானை அமுக்கியதுதான் தாமதம், மேசைக்கடியில் இருந்த சிபியு 'ங்ஙொய்ய்' என்று ஆரம்பித்து, தகரப் பெட்டி முழுக்க நடுங்கி, அதன் மேல் இருந்த பிள்ளையார் பொம்மை நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது. தாய்மாமன் பாய்ந்து பிள்ளையாரைப் பிடித்துக்கொண்டார். பிரிண்ட் வெளியே வந்தது. பத்துக்கு ஏழு, நல்ல பொருத்தம். அதை யார் பார்த்தார்கள்? மெஷினுக்கே தாங்கவில்லையே, நம்ம பையன் எம்மாத்திரம் என்று சித்தப்பா எழுந்தார். டிரைவர் உட்பட எல்லோரும் எழுந்தார்கள். வாங்கி வைத்த காபி அப்படியே ஆறிப்போனது.

இது மூன்றாவது இடம். ஐப்பசியில் திருத்துறைப்பூண்டி, கார்த்திகையில் பாபநாசம், இப்போது பட்டுக்கோட்டை. மார்கழியில் யாரும் பெண் பார்க்க வராததால் அந்த மாதம் தப்பித்தது.

என் கடையின் பெயர் துல்லியம் கணினி ஜோதிட நிலையம். மன்னார்குடியில் தேரடிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் இருக்கிறது. ஜெராக்ஸ், ரெஸ்யூம், கரண்ட் பில் எல்லாம் உண்டு என்றாலும் ஜாதகம்தான் சோறு போடுகிறது. உனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று யாராவது கேட்டால், பரோட்டா போடுகிறவன் மூன்று வேளையும் பரோட்டாவா தின்கிறான் என்று திருப்பிக் கேட்பேன். கலியமூர்த்தி ஐயா அப்படியில்லை. மனுஷன் வாய் குழறும், கம்ப்யூட்டர் குழறாது என்று மனதார நம்புகிறவர். அதனால்தான் மகளுக்கு வருகிற ஒவ்வொரு வரனையும் என் கடைக்கே கூட்டிவருகிறார். மகள், என் பக்கத்துக் கடை. ரவிக்கை தைக்கிறது. பெயர் அமிர்தவல்லி. இங்கே பக்கத்துக் கடை என்றே எழுதுகிறேன், அதுதான் முறை.

அமிர்தவல்லி ஜாதகத்தைப் போட்டால் கம்ப்யூட்டரே கதறுகிறது என்று டீக்கடையில் என் காதுபடப் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தேய்ந்த ஃபேனுக்கும் ஒருத்தியின் வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம்? இன்று சாயங்காலம் வேறு ஒரு பெண்ணின் ஜாதகம் போட்டபோதும்தான் அலறியது. அந்த வீட்டார், மெஷின் நன்றாக உழைக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் மெஷினால் ஒருவருக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது. சத்தமில்லாத ஃபேன் ஒன்று, நம் கைக்கு அடங்குகிற விலையில், வாங்கிப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. அதுவரை விஞ்ஞான முறைப்படி குறித்துவைக்கத்தான் இந்த டைரி. சொந்த விஷயம் எதுவும் இதில் எழுதப் போவதில்லை.

ஜனவரி 18, சனி

காலையில் பிரஷ் வைத்து ஃபேனைச் சுத்தம் செய்தேன். மெஷினின் பக்கக் கதவு போன கோடையிலேயே கழற்றியாகிவிட்டது, இல்லையென்றால் சூடு தாங்காது. அதனால் உள்ளே தூசி கண்டபடி சேர்ந்திருக்கிறது. இறக்கைகளில் மஞ்சளாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. நம் பக்கத்துப் புழுதி அப்படித்தான் இருக்கும்.

தினமும் துடைக்கிற வேலை எனக்கில்லை. பக்கத்துக் கடையிடம் என் கடைச் சாவி ஒன்று உண்டு. காலையில் தன் கடையோடு என் கடையையும் திறந்து, வாசல் தெளித்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி, மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் போகும். எங்கள் அப்பா சுயமரியாதைக்காரர். எனக்குத் திரி திரிக்கக்கூடத் தெரியாது. ஜோதிட நிலையத்தில் பொட்டில்லாத மெஷினைப் பார்த்தால் எவன் உட்காருவான் என்று அதுவாகவே இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது.

சுத்தம் செய்தபின் சித்திரை நட்சத்திரத்தைப் போட்டு, பட்டுக்கோட்டைப் பையனையும் போட்டுப் பொத்தானை அமுக்கினேன். சத்தமே இல்லை. கோளாறுகளுக்கு இந்தப் புத்தி உண்டு, சோதிக்கும்போது வராது. இன்னும் சில பையன்களைப் போட்டுப் பார்க்கலாம் என்று மாதிரிக்கு ஒருவனை உருவாக்கினேன். வயது முப்பத்தேழு, ஊர் மன்னார்குடி, சொந்தத் தொழில். பிறந்த நேரம் கேட்டது. தெரியாது. அழித்துவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

ஃபேன் என்று சொன்னால் போதாதாம். எண்பது மில்லிமீட்டரா, தொண்ணூற்றிரண்டா, நூற்றிருபதா? செருகுகிற பின்னில் மூன்று முள்ளா, நான்கு முள்ளா? எந்த பேரிங்? ஸ்லீவ் பேரிங் மலிவு, ஆனால் ஆறு மாதத்தில் இருமத் தொடங்கும். பால் பேரிங் நெடுநாள் உழைக்கும், ஆனால் முதல் நாளிலிருந்தே முணுமுணுக்கும். எண்ணெயில் மிதக்கிற பேரிங் ஒன்று இருக்கிறது. சத்தமே வராதாம். அதில் வெளிநாட்டுச் சரக்கு உள்ளங்கை அகலம்தான், ஆனால் அந்த விலைக்கு ஒரு சீலிங் ஃபேன் வாங்கிக் குடும்பத்தோடு கீழே படுத்துக்கொள்ளலாம்.

வாங்கினவர்கள் எழுதியிருப்பதைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒருவன் 'இருப்பதே தெரியவில்லை' என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறான். அடுத்தவன் 'ஓடவே இல்லை' என்று ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறான். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை இறக்கினேன். மெஷின் சும்மா இருக்கும்போது நாற்பத்தொன்று. தெருவில் பூண்டு விற்கிற ஆட்டோ எழுபத்தெட்டு. கலியமூர்த்தி ஐயா தொண்டையைச் செருமினால் எழுபத்துநாலு. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற தையல் மெஷின் முப்பத்தெட்டு. எனவே அளவுகோல் கிடைத்துவிட்டது. தையல் மெஷின் ஓடுவது தெளிவாகக் கேட்கிற அளவுக்குப் புது ஃபேன் அமைதியாக இருக்க வேண்டும். இதில் வேறு காரணம் எதுவும் இல்லை, ஒரு நிலையான சத்தம் வேண்டும் என்பதற்காகத்தான்.

பக்கத்துக் கடை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன மும்முரமாகப் பார்க்கிறீர்கள் என்று கேட்டது. சொன்னேன். கழுத்தில் கிடந்த அளவு டேப்பைச் சுருட்டியபடி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தது.

"இருக்கிற ஃபேனே நல்லாத்தான சார் ஓடுது."

பாவம், இதெல்லாம் அதற்கு எங்கே தெரியப்போகிறது.

ஜனவரி 21, செவ்வாய்

நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. ஃபேன் பிரச்சினையும் இல்லை.

ஜனவரி 25, சனி

கலியமூர்த்தி ஐயா ஒரு கூடையோடு வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள், சிபியு இரும்பு, இரும்பில் சனி குடியிருப்பான், அதனால்தான் அலறுகிறதென்று. மேசைக்கடியில் குனிந்து எள் தீபம் ஏற்றினார். மவுஸ் வாலில் கறுப்புக் கயிறு கட்டினார். எலுமிச்சம் பழத்தைப் பிரிண்டருக்கு மூன்று சுற்றுச் சுற்றி வெளியே போய் மிதித்தார். மின்சாரச் சாமானுக்குப் பக்கத்தில் எண்ணெய் விளக்கு வைக்கக் கூடாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். சனிக்குத் தெரியாத மின்சாரமா தம்பி என்றார். ஒரு கஸ்டமர் ஜெராக்ஸ் எடுக்க வந்து, கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

தீபம் அணையும்வரை போகக் கூடாதாம், அதனால் உட்கார்ந்து என்னைப் பற்றி விசாரித்தார். ஊருக்கே ஜாதகம் போடுகிற உங்கள் ஜாதகம் எங்கே என்று கேட்டார். எனக்கு ஜாதகம் இல்லை என்றேன். நான் பிறந்தபோது நர்ஸ் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த நேரத்தை, எங்கள் அப்பா ஆஸ்பத்திரி வாசலிலேயே நாலாகக் கிழித்துப் போட்டார். இன்றைக்குக் கேட்டாலும் பகல் என்பார். அம்மா இருந்தவரை விளக்கு வைக்கிற நேரம் என்பாள். இரண்டில் எது என்று கேட்டால் வீட்டில் சண்டை வரும். வரன் பார்க்க வந்தவர்கள் எல்லாம் முதலில் ஜாதகத்தைத்தான் கேட்டார்கள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

கலியமூர்த்தி ஐயா என்னை ரேஷன் கார்டு தொலைத்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஜாதகமே இல்லாம எப்படித் தம்பி நடமாடுறீங்க?"

பக்கத்துக் கடை வாசற்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

ஜனவரி 27, திங்கள்

ஆன்லைனில் ஆர்டர் போட்ட ஃபேன் வந்தது. 'அமைதி' என்று போட்டிருந்தான். ஏழு நிறத்தில் விளக்கு எரியும் என்று போடவில்லை. மாட்டிவிட்டு நிமிர்வதற்குள் கூத்தாநல்லூரிலிருந்து ஒரு அம்மா மகன் ஜாதகத்தோடு வந்துவிட்டார். மேசைக்கடியில் சிவப்பு எரிந்ததும் செவ்வாய் என்றார். பச்சை எரிந்ததும் புதன் என்று மூச்சு விட்டார். நீலத்துக்குச் சனி என்று எழுந்தவரை, கொஞ்சம் பொறுங்கள், மஞ்சள் வரும், குரு வருவார் என்று நானே சொல்லி உட்கார வைக்க வேண்டியதாயிற்று. சொன்ன வாயைக் கழுவிக்கொண்டேன். ஃபேனைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது.

ஜனவரி 30, வியாழன்

பெட்டியோடு தஞ்சாவூர் போனேன். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். பொட்டு வைத்த பெட்டியைப் பார்த்து முன் சீட்டு அம்மாள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்க வந்தவர், அந்த அம்மாள் செய்ததைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே போய்விட்டார்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கிற ஜெரால்டு எனக்குப் பத்து வருடப் பழக்கம். பெட்டிக்குள் தலையை விட்டவன் அப்படியே நின்றுவிட்டான். என்ன சார், உள்ளே கமகமவென்று சந்தனம் மணக்கிறது என்றான். செம்புக் கம்பி சூடேறினால் அப்படி ஒரு வாசனை வரும் என்று விளக்கினேன். பழைய ஃபேனைக் கழற்றி, விரலால் சுண்டி, காதில் வைத்துப் பார்த்து, இதில் ஒரு குறையும் இல்லை, இன்னும் ஐந்து வருடம் ஓடும் என்றான். இவனெல்லாம் எப்படித்தான் வியாபாரம் பண்ணுகிறானோ. குறை இல்லாததற்கா மூன்று சம்பந்தம் ஓடிப்போயிற்று? எனக்குக் கோபம் வந்து, சத்தம் வராத ஃபேன் இருக்கிறதா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்றேன்.

கொடுத்தான். கறுப்பு நிறம், எண்ணெய் பேரிங், விலையும் நமக்கு ஏற்றது. ஓடவிட்டுக் காதருகே பிடித்தான். ஒன்றுமே கேட்கவில்லை. கடைசியாக ஒரு புத்தி சொன்னான். பக்கக் கதவைத் திறந்து போட்டால் காற்று கண்டபடி சிதறும், கதவைப் போட்டு நாலு ஸ்க்ரூவையும் இறுக்கிவிடுங்கள் என்றான்.

பிப்ரவரி 1, சனி

கதவைத் தேடியே அரை நாள் போயிற்று. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அதன் மேல் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. வடகத்தை உதிர்த்துவிட்டுக் கொண்டுவந்து, ஃபேனை மாட்டி, கதவைப் போட்டு, நாலு ஸ்க்ரூவையும் இறுக்கினேன். சித்திரை நட்சத்திரத்தைப் போட்டேன். பொத்தானை அமுக்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஒவ்வொரு மிதியும் கேட்டது. வெற்றி.

ஆனால் கஸ்டமர்களைத் திருப்திப்படுத்த ஆண்டவனாலும் ஆகாது. மதியம் வந்த ஒருவர், எங்கள் பெண்ணுக்கு மட்டும் ஏன் சத்தமே வரவில்லை, ஒழுங்காகப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டார். பாதிக் காசுதான் கொடுப்பேன் என்று அடம்பிடித்தார்.

பக்கத்துக் கடை வந்து மூடிய கதவைப் பார்த்தது. குனிந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் தொட்டுப் பார்த்தது. இனி மெஷினுக்கு எங்கே பொட்டு வைப்பது என்று கேட்டது. வெளியே கதவின் மேல் வைத்தால் போகிறது என்றேன். தன் கடைக்குப் போய்விட்டது. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாருக்காக இவ்வளவு அலைந்தேன்?

பிப்ரவரி 5, புதன்

ஓசூர் இடம் வந்தது. பையன் அங்கே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவனும் அவன் அப்பாவும் மட்டும்தான் வந்தார்கள். பையன் நல்லவனாகத்தான் தெரிந்தான். அதுதான் எரிச்சலாக இருந்தது, கெட்டவன் என்றால் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பொத்தானை அமுக்கினேன். கலியமூர்த்தி ஐயா கண்ணை மூடிக்கொண்டார். மெஷின் மூச்சு விடவில்லை. பிள்ளையார் இருந்த இடத்தில் இருந்தார். பிரிண்ட் வந்தது. பத்துக்கு எட்டு, ரஜ்ஜுப் பொருத்தமும் உண்டு. பையனின் அப்பா இரண்டு முறை படித்துவிட்டுச் சரி என்றார். ஆனால் வீட்டுக்காரி ஊர்ப் பேச்சைக் கேட்டுப் பயந்திருக்கிறாள், அவளையும் கூட்டிவந்து காதால் கேட்க வைத்துவிட்டால் அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார். பதினாறாம் தேதி, ஞாயிறு.

அவர்கள் போனபின் கலியமூர்த்தி ஐயா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். இதுவும் தட்டிப்போனால் இனி எனக்கு அலையத் தெம்பில்லை தம்பி, நீங்கள்தான் என் குலசாமி என்றார். எனக்கு மகிழ்ச்சிதான். ஒரு வேலையை எடுத்து முடித்த மகிழ்ச்சி. பக்கத்துக் கடை அரை நாளிலேயே சாத்திவிட்டுப் போய்விட்டது, தலைவலியாம்.

ஓசூர் இங்கிருந்து ரொம்ப தூரம்.

பிப்ரவரி 6, வியாழன்

சாப்பிடவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இந்தப் புது ஃபேனில் சில குறைகள் இருப்பதாகப் படுகிறது. கறுப்பு நிறம் அபசகுனம் என்று கஸ்டமர் யாராவது சொல்லக்கூடும். விலை குறைந்த சாமான் எத்தனை நாளைக்கு உழைக்குமோ? முக்கியமாக, அமைதி அளவுக்கு மிஞ்சிவிட்டது. தையல் மெஷின் கேட்பதற்காக வாங்கினது, இப்போது அது ஓடாமல் இருப்பதும் கேட்கிறது. நாலு நாளாக அந்தப் பக்கம் சரியாக ஓடவில்லை. கல்யாணத் தையல் வந்தால் வெளி வேலை எடுக்க முடியாதுதான்.

மேசை டிராயரிலிருந்து பழைய ஃபேனை எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத்தான். பதினாறாம் தேதி அது மெஷினில் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சீச்சீ, என்ன புத்தி இது. அந்த மனுஷன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாரே. எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி டிராயரில் வைத்தேன். சந்தன வாசனை இன்னும் போகவில்லை. செம்புக் கம்பிக்கு இவ்வளவு வாசனை இருக்குமென்று நினைக்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

ஒரு ரெஸ்யூம், இரண்டு ஜாதகம், கரண்ட் பில் நாலு. பக்கத்துக் கடையிடம், ஓசூரில் குளிர் அதிகம், ஸ்வெட்டர் வேண்டியிருக்கும் என்று சொன்னேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உங்களுக்கு வேறு எதுவுமே சொல்லத் தோன்றவில்லையா என்று கேட்டது. யோசித்துப் பார்த்து, தண்ணீரும் கொஞ்சம் உப்பாக இருக்கலாம் என்றேன். விருட்டென்று போய்விட்டது.

பிப்ரவரி 15, சனி

பிரிண்டருக்கு மை ஊற்றினேன். நாளைக்கு வருகிறவர்களுக்காக இரண்டு நாற்காலி கடன் வாங்கினேன். பக்கத்துக் கடை ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் கேட்டது. தையல் மெஷினில் ஏதோ கழன்றுவிட்டதாம். தையல் மெஷினுக்குத் தட்டை முனைதானே வேண்டும் என்று கேட்டேன். புது மாடல் என்றது. கொடுத்தேன். என்ன மாடலோ, எல்லாவற்றையும் மாற்றித் தொலைக்கிறார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பையனின் அம்மா வந்து, மூன்று முறை விழுந்து கும்பிட்டுவிட்டு, மெஷினுக்கு எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கீழே வைத்த தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், புடவை எல்லாம் தயாராக இருந்தது. கலியமூர்த்தி ஐயா புது வேட்டி. நான் சிரித்த முகத்தோடு பொத்தானை அமுக்கினேன்.

இதற்கு முன் அலறியதெல்லாம் ஒன்றுமே இல்லை. கதவு மூடியிருந்ததால் பெட்டி முழுக்கத் தவில் மாதிரி அதிர்ந்தது. பிள்ளையார் இந்த முறை யார் கைக்கும் அகப்படாமல் குதித்துப் பழத்தட்டில் விழுந்தார். அந்த அம்மா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. எங்கள் பையன் தனியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் சாமி என்று மெஷினைப் பார்த்தே சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். புடவையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

கலியமூர்த்தி ஐயா சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. புது ஃபேன், எண்ணெய் பேரிங், நாலு ஸ்க்ரூ என்று என்னென்னவோ சொன்னேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"போதும் தம்பி. ஜாதகமே இல்லாதவன் எவனாச்சும் இருந்தா சொல்லுங்க. கண்ண மூடிக்கிட்டு கொடுத்துடுறேன்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி யாரையும் எனக்குத் தெரியாது, விசாரிக்கிறேன் என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜெரால்டைக் கிழி கிழியென்று கிழிக்க வேண்டும் என்ற ஆத்திரத்தோடு மெஷினைத் திறக்க உட்கார்ந்தேன். ஸ்க்ரூ டிரைவர் இல்லை, பக்கத்துக் கடை திருப்பித் தரவில்லை. ஒரு ரூபாய்க் காசின் விளிம்பை வைத்துத் திருகினேன். மூன்று ஸ்க்ரூ இருந்தது. நான்காவது இருந்த இடத்தில் வெறும் ஓட்டை.

கதவை எடுத்தேன். ஃபேனின் ஒரு இறக்கையில் நெல்லிக்காய் அளவுக்குச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். சுழன்ற வேகத்தில் கொஞ்சம் இழுபட்டிருந்தாலும் அழகாக, நிதானமாக வைத்த பொட்டு. தொட்டேன், ஈரமாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு பாரம் ஏறினால் எந்த ஃபேனும் அலறத்தான் செய்யும். ஆயுத பூஜை போன அக்டோபரிலேயே முடிந்துவிட்டது.

தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் புழுதி. செம்புக் கம்பி வாசனை. இருக்கிற ஃபேனே நல்லாத்தான சார் ஓடுது. ஊரே பக்கத்துக் கடையின் ஜாதகத்தைப் பற்றிக் கண்டதையும் பேசியபோது ஒரு நாள்கூட அது முகம் வாடி நான் பார்க்கவில்லை. எனக்குப் புரிவதற்கு எவ்வளவு நேரம் ஆனதென்று இந்த டைரியில்கூட எழுத வெட்கமாக இருக்கிறது. ஓசூர்த் தண்ணீர் உப்பு என்று சொன்னவனை எதால் அடிப்பது?

விரலில் ஒட்டிய சந்தனத்தைத் துடைக்கத் துணி தேடினேன். கிடைக்கவில்லை. நெற்றியில் வைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. குளிர்ந்தது.

பக்கத்துக் கடைக்குப் போனேன். ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தது. குண்டூசி டப்பாவுக்குள் என் நான்காவது ஸ்க்ரூ கிடந்தது. ஸ்க்ரூ டிரைவர் வாங்க வந்தேன் என்றேன். நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தது.

"அது ஃபேனுக்கு வச்சது."

எனக்கு ஜாதகம் இல்லை என்றேன்.

"அதான் அன்னிக்கே அப்பாகிட்ட சொன்னீங்களே." ஊசியைத் துணியில் குத்தி வைத்தது. "நீங்க பாட்டுக்கு நாலு ஸ்க்ரூ போட்டு மூடிட்டா, நான் வேற என்னதான் சார் பண்றது?"

ஸ்க்ரூவை எடுத்து என் கையில் வைத்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நெற்றியைத் துடைக்காமலே வீட்டுக்குப் போனேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் முகத்தையே பார்த்தார். என்னடா இது என்று கத்துவார் என்றுதான் நினைத்தேன். யாரு என்று கேட்டார்.

பக்கத்துக் கடை என்று சொல்ல வாயெடுத்து, அமிர்தம் என்றேன்.